பெரிய சக்கரமும் ஐந்தாவது ஆளும்

காருக்குப் பூஜை போட்டு நான்கு வருஷம் ஆகிவிட்டது. சக்கரம் மட்டும் புதிது. அப்படியானால் சக்கரத்துக்குத் தனியாகப் பொட்டு வைக்க வேண்டுமா, வேண்டாமா? சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்ற பவுனம்மாளுக்கு அன்றைய முதல் குழப்பம் இதுதான்.

"வெச்சிடும்மா. சாமி கணக்குல எதுக்கு வம்பு?" என்றாள் மகள் ரமணி.

நான்கு ரிம்மிலும் சந்தனமும் குங்குமமும் ஏறின. நான்கு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் போய் உட்கார்ந்தது. டயர் இருந்த அகலத்துக்குப் பழம் இருக்கும் இடமே தெரியவில்லை.

ரமணியின் தம்பி ராதாகிருஷ்ணன் போன வாரம் செய்த காரியம்தான் இதற்கெல்லாம் காரணம். கிள்ளானில் ஒரு கடையில் தன் வெள்ளை சாகா காரை விட்டு, பதிமூன்று இஞ்ச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பதினாறு இஞ்ச் ஸ்போர்ட் ரிம் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். பளபளவென்று ரிம். பட்டையாக டயர். மட்கார்டுக்கு வெளியே ஒரு விரல் அளவு எட்டிப் பார்த்தது.

"அப்பா செருப்பை மாட்டிக்கிட்ட சின்னப் பிள்ள மாதிரி இருக்குடா" என்று ரமணி சிரித்தாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பெண் வீட்டு வாசலில் போய் நிற்கும்போது கார் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டான். இருபத்தாறு வயதில் இந்த ஆசைகூட வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பெண் வீடு பிரிக்பீல்ட்ஸில். பெண் வதனியும் ராதாவும் துறைமுகத்தில் ஒரே ஷிப்பிங் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். வதனி வீட்டார் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா பாலசுந்தரம் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ராதாவின் அப்பா கார்த்திகேசு, போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டுகிறவர். 'அவங்க வேற, நாம வேற' என்று இரண்டு பக்கமும் இழுத்தடித்து, வதனி ஒரு மாதம் வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்து, கடைசியில்தான் "ஞாயிற்றுக்கிழமை வந்து தாம்பூலம் மாத்துங்கோ" என்று சொல்லியனுப்பினார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு கை மாற வேண்டும்.

எத்தனை பேர் போவது என்ற கணக்கு, கார்த்திகேசுவின் அக்கா சீதாலெட்சுமி அத்தையுடையது. மூன்று பேர் போனால் காரியம் முறியும். நாலு பேர் என்றால் அது இழவு வீட்டுக் கணக்கு. ஐந்துதான் சரி. அப்பா, அம்மா, அத்தை, மாப்பிள்ளை, ஐந்தாவதாகப் பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா. மாரியாயி அக்காவுக்குக் காலையில் காய்ச்சல் கண்டுவிட்டது.

வீட்டில் மிச்சமிருந்தது ரமணி ஒருத்திதான்.

ரமணி, ஈப்போவில் வாழப் போனவள். போன வருஷம் ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். புருஷன் கை நீட்டுகிறவன். அவள் விவரம் சொல்லவில்லை. காதுக்குப் பக்கத்தில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் அவளை யாரும் 'வா' என்று கூப்பிட்டதில்லை. 'வராதே' என்றும் சொன்னதில்லை. அவளே புரிந்துகொண்டு வீட்டில் இருந்துவிடுவாள்.

"சரி, பொடவைய மாத்திக்கிட்டு வா. ஆளு கொறையுது" என்றாள் அத்தை.

கணக்குக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ரமணிக்குத் தெரியாதா? தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கி வதனிக்குப் பச்சைக் கரை வைத்த சேலையை எடுத்து வந்தது அவள்தான். அதை அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கும்போது தான் பக்கத்தில் நிற்க வேண்டும். ராதாவின் அக்கா என்று நாலு பேர் முன்னால் ஒரு தடவை நிற்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

தட்டுகளைக் காரின் பின்பெட்டியில் வைக்கப் போன அம்மாவை ராதா தடுத்தான். "பூட் லாக்கு கெட்டுப் போச்சும்மா, தொறக்காது. மடியிலயே வெச்சிக்குங்க."

முன்னால் ராதாவும் அப்பாவும். பின்னால் ஒரு ஜன்னலில் அத்தை வெற்றிலைத் தட்டோடு, மறு ஜன்னலில் ரமணி பழத்தட்டோடு, நடுவில் அம்மா சேலைத் தட்டோடு. கார் நகர்ந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

தெரு முனையில், கண்டெய்னர் லோரி போய்ப் போய்க் குழி விழுந்த இடத்தில், முதல் சத்தம் கேட்டது.

கர்ர்ர்.

"என்னா அது?" என்றாள் அத்தை.

"ரோடு சரியில்லத்த" என்றான் ராதா.

கிள்ளான் பாலம் தாண்டியதும் ஒரு கர்ர்ர். ஃபெடரல் ஹைவேயில் ஏறிய பிறகு கொஞ்ச தூரம் நிம்மதி. ஷா ஆலாம் தாண்டியதும் ரோடு எங்கெல்லாம் இறங்கி ஏறியதோ அங்கெல்லாம் நீளமாக ஒரு கர்ர்ர். ரமணிக்கு அது தன் இடுப்புக்குக் கீழேயே அறுப்பது போல் கேட்டது. பிறகு ரப்பர் தீயும் வாடை வந்தது. ரோடு சரியில்லை என்று இதற்கு மேல் சொல்ல முடியாது. பத்து தீகா தாண்டி ஒரு எண்ணெய்க் கடையில், பெட்ரோல் ஊற்றும் இடத்தை ஒட்டி, ராதா காரை ஒதுக்கினான்.

இறங்கிக் குனிந்து பார்த்தான். பின் டயர் இரண்டிலும் வெளி ஓரம் மட்கார்டின் விளிம்பில் உரசி, கேரட் துருவியது போலத் துருவியிருந்தது. எண்ணெய் ஊற்றும் மலாய்க்காரப் பையனும் வந்து எட்டிப் பார்த்து, "ஹாபிஸ் லா பாங்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான். 'தொலஞ்சுதுண்ணே' என்று அர்த்தம். அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

"பின்னால வெயிட்டு ஜாஸ்தி. அதான் ஒக்காந்து ஒரசுது" என்றான் ராதா. "கடையில நானும் தவுக்கேயும் முன்னால ஒக்காந்துதான் டெஸ்ட் பண்ணோம். நோ ப்ராப்ளம்னாரு."

நம் ஜனங்கள் எப்போதாவது இரண்டு பேராகக் காரில் போவதுண்டா? கதவு சாத்துகிற வரைக்கும் ஏறுவோம். சாத்தாவிட்டால் ஒரு பிள்ளையை மடியில் வைத்துச் சாத்துவோம். சீன முதலாளியான ரிம் கடைத் தவுக்கேவுக்கு அது தெரியாமல் இருக்கலாம். ராதாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒருத்தரு எறங்கிட்டா சரியாயிடுமா?" என்று அத்தை கேட்டாள்.

"ஆகலாம்."

அத்தை யாரையும் பார்க்கவில்லை. கார்த்திகேசு ஹைவேயைப் பார்த்தார். பவுனம்மாள் மடியிலிருந்த சேலையின் மடிப்பைச் சரி செய்தாள். எல்லோரும் எங்கெங்கோ பார்த்ததிலேயே, இறங்க வேண்டியது யார் என்று ரமணிக்குப் புரிந்துவிட்டது.

"நீ கொஞ்சம் இங்க வா" என்று அத்தை அவளைக் காற்றடிக்கும் பம்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மனசுல ஒண்ணும் வெச்சிக்காத. அந்த வீட்டம்மா அன்னிக்கி போன்ல கேட்டாங்க, மாப்பிள்ளைக்கி கூடப் பொறந்தவங்க இருக்காங்களான்னு. ஒரு அக்கா, ஈப்போவுல புருஷனோட நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன். ஏற்கெனவே நம்மள மட்டமாத்தான் பாக்குறாங்க. மூத்தவ திரும்பி வந்துட்டான்னு வேற தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா? காலையில ஆளு கொறையவும் வழியில்லாம ஒன்னையக் கூப்புட்டேன். இப்ப சாமியே பாத்து ஒரு வழி காட்டியிருக்கு."

"வதனிக்குத் தெரியுமே அத்த."

"அந்தப் புள்ளைக்குத் தெரியும். அவங்கம்மாவுக்குத் தெரியாது."

அத்தை கெட்டவள் இல்லை. ரமணி ஈப்போவிலிருந்து வந்த அன்று முதலில் சோறு போட்டவள் அவள்தான். அதனால்தான் அந்த வார்த்தை இன்னும் ஆழமாக இறங்கியது. வலித்தது. வலித்தாலும் தம்பி முகம்தான் முன்னால் வந்து நின்றது. இவ்வளவு தூரம் வந்த காரியம் தன்னால் கெட்டுப் போகக் கூடாது.

"நான் பஸ்ஸப் புடிச்சி வீட்டுக்குப் போயிடுறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

பவுனம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அப்ப நாலு பேரா ஆயிடுமே அண்ணி?"

"ஒரு கல்ல எடுத்துக்கிட்டா ஆளு கணக்கு" என்றாள் அத்தை. "எங்கம்மா அப்படித்தான் செய்யும்."

அந்தக் கல்லையும் ரமணியே தேடினாள். பம்புக்குப் பின்னால் சரளை கொட்டிக் கிடந்தது. உருண்டையாக ஒன்றை எடுத்து, குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தாள். பழத்தட்டை அம்மாவின் மடியில் ஏற்றினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா" என்றான் ராதா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"போடா, நேரமாவுது. பொண்ணு கையில சேலையக் குடுக்கும்போது என்னைய நெனச்சிக்க."

கார் கிளம்பியது. எண்ணெய்க் கடையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் இடத்தில் ஒரு சின்ன மேடு. அதில் ஏறி இறங்கியபோது, ரமணி நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

கர்ர்ர்.

பிரேக் விளக்கு எரிந்தது. கார் அப்படியே நின்றது. பின்னால் வந்த ஒரு வேன் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. பிறகு கார் மெதுவாகப் பின்னாலேயே வந்து, அவள் பக்கத்தில் நின்றது.

ராதா இறங்கினான். அவளைப் பார்க்காமல் காரின் பின்பக்கம் போனான். சாவியைப் போட்டுத் திருப்பினான். திறக்கவே திறக்காது என்ற பூட் உடனே திறந்துகொண்டது.

உள்ளே பழைய பதிமூன்று இஞ்ச் சக்கரங்கள் நான்கும், டயரோடு, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

கார்த்திகேசு இறங்கி வந்து பார்த்தார். அத்தையும் வந்தாள்.

"பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு டாக்சிக்காரக் கூட்டாளி கேட்டிருந்தான். போற வழியில குடுத்துடலாம்னு ஏத்திட்டேன்" என்றான் ராதா. "சொன்னா அத்த ஏசுவாங்கன்னு லாக்கு கெட்டுப் போச்சுன்னேன்."

"ஏசாம என்னா செய்வாங்க? நல்ல காரியத்துக்குப் போறப்ப கழிச்சிப் போட்டதத் தூக்கிக்கிட்டா போவாங்க?"

"இது நாலும் சேந்தா அக்காவ விடக் கனம் அத்த. எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டே வாய மூடிக்கிட்டு அக்காவ எறக்கி விட்டேன்." அவன் மேலே கிடந்த சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினான். "ஸ்கூலுக்கு என்னையத் தூக்கிக்கிட்டுப் போனவ. அவளுக்குப் பதிலு ஒரு கல்லு."

ரமணிக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. பெரிய சக்கரம், சின்னச் சக்கரம் எல்லாம் காரில் சொகுசாகப் போக, தான் பஸ்ஸுக்கு நிற்பதை நினைத்து வந்த சிரிப்பு.

"இப்ப என்னாடா செய்யப் போறே? எறக்கி வெச்சிட்டுப் போவலாமா?" என்று கேட்டாள்.

"டயரு பாதி அறுந்து போச்சு. இதோட ஹைவேயில போனா வெடிச்சிடும். பழசையே மாட்டிடுறேன்."

நான்கையும் மாற்ற நேரம் இல்லை. பின் சக்கரம் இரண்டை மட்டும் மாற்றலாம். ஜேக்கை எடுத்தான். பழைய நட்டுகள் ஒரு மைலோ டின்னில் இருந்தன.

"சட்டையக் கழட்டிட்டுச் செய்யி" என்றார் கார்த்திகேசு. அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மகன் பக்கத்தில் குந்தி, கழற்றிய நட்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். ரமணி தம்பியின் பட்டுச் சட்டையை மடியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பொட்டு வைத்த ரிம் இரண்டும் பின்பெட்டிக்குள் போயின.

வேலை முடிந்து ராதா கை கழுவப் போனபோது, அத்தை உள்ளங்கையில் அந்தக் கல்லோடு நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஆளாக இருந்துவிட்ட கல். சும்மா எறியவும் அவளுக்கு மனம் வரவில்லை.

"குடுங்க அத்த. இருந்த எடத்துலயே போட்டுடுறேன்" என்று ரமணி வாங்கிப் போய்ச் சரளையில் போட்டாள்.

காரில் ஏறும்போது அத்தை அவள் காதருகே சொன்னாள். "கேட்டா, நேத்துதான் ஈப்போவுலேர்ந்து வந்தேன்னு சொல்லிடு. ஒரே ஒரு வார்த்த. தம்பிக்காக."

அதற்கு மேல் கர்ர்ர் சத்தம் வரவில்லை. கார் வழுக்கிக்கொண்டு போனது. சேலைத் தட்டை அம்மா ரமணியின் மடிக்கு மாற்றினாள். ஒரே ஒரு வார்த்தை. பெட்டாலிங் ஜெயா வந்தது, போனது. ரமணி அந்த வார்த்தையை மனசுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். நேத்துதான் வந்தேன். சொல்வதற்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் ரோட்டை ஒட்டிய சந்தில், பாலசுந்தரம் வீட்டு முன்னால் கார் நின்றபோது மணி நாலு தாண்டியிருந்தது. முன்னால் பளபளக்கும் பெரிய ரிம். பின்னால் துருப்பிடித்த கறுப்புச் சக்கரம். பின்னங்காலை மடித்து உட்காரப் போகிற நாய் போலக் கார் நின்றது. எதிர் வீட்டில் இரண்டு பேர் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

பாலசுந்தரம் கேட்டுக்கு உள்ளே நின்றபடி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு காரை முன்னும் பின்னும் பார்த்தார்.

"என்ன தம்பி இது? முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு?"

ரமணி தம்பியைப் பார்த்தாள். ஊரே பார்க்க வேண்டும் என்று மாட்டிய ரிம். ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்று நினைத்தாள். பஞ்சர் என்று சொன்னால்கூடப் போதும்.

"பெருசு ஒத்து வரல அங்கிள்" என்றான் ராதா. "பின்னால ஆளு ஒக்காந்தா ஒரசுது. யோசிக்காம மாட்டிட்டேன். வழியிலயே பழச மாட்டிக்கிட்டு வந்தேன்."

அவன் அதைக் கூச்சமில்லாமல் சொன்னான். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்தது. பாலசுந்தரம் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அந்த 'ம்' நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அவருக்குப் பின்னாலிருந்து வதனியின் அம்மா இராசேஸ்வரி வந்தாள். "வாங்கோ, வாங்கோ" என்று கேட்டின் கொக்கியில் கை வைத்தவள், சேலைத் தட்டோடு நின்ற ரமணியைக் கண்டு நின்றாள்.

"இவ ஆர்?"

"மாப்பிள்ளையோட அக்கா" என்று முந்திக்கொண்டாள் அத்தை. "ஈப்போவுல இருக்கான்னு சொன்னேன்ல."

"ஓ, அந்தப் பிள்ளையோ. எப்ப வந்தனீங்கள்? அவர் வரேல்லையோ?"

அத்தையின் முழங்கை ரமணியின் இடுப்பில் மெதுவாக இடித்தது. உள்ளே வாசல் திரைக்குப் பின்னால் வதனியின் முகம் தெரிந்தது. ராதா திரும்பி அக்காவைப் பார்த்தான். அத்தை அக்காவின் காதில் என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் முகத்தில் இருந்தது, அக்கா வந்துவிட்டாள் என்ற நிம்மதி மட்டும்தான்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் கேட் திறந்துவிடும். திறந்த பிறகு, இந்த வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு பிள்ளைப் பேறுக்கும், ஈப்போவிலிருந்து வந்தவளாகவே வந்து போக வேண்டும்.

ரமணி தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு வர மாட்டாரு ஆன்டி. நான் போன வருஷமே வந்துட்டேன்" என்றாள். "இப்ப எங்கம்மா வீட்டுலதான் இருக்கேன்."

அத்தையின் தட்டிலிருந்து ஒரு வெற்றிலை நழுவிக் கீழே விழுந்தது. யாரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை. கொக்கியில் இருந்த இராசேஸ்வரியின் கை, அதைத் தூக்காமலும் விடாமலும், அங்கேயே இருந்தது.